அலுமினிய பெயிண்ட் இரண்டு கோட்டிங்

ஆயுதபூசைக்கு முந்தின வாரம் எனக்கு உட்கார்ந்து சோறு தின்ன நேரம் இருக்காது, ஐயா. திண்டிவனத்தில் வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் பூசைக்குள் பெயிண்ட் அடித்தாக வேண்டும்.

அறுபத்து மூன்றில் வேர்க்கடலை வாங்கி விற்கிற மல்லாட்டை மண்டிக்காரர் சக்கரபாணியின் கார் என் பட்டறைக்கு வந்தது. அவருடைய டிரைவர் பூமாலை ஓட்டிவந்தான்; முதலாளியும் கூடவே வந்திருந்தார். ரேடியேட்டர் அழுக்காக இருந்தது. அதற்கும் அடித்துவிடலாம் என்று அலுமினிய பெயிண்டை எடுத்தேன்.

"அதுக்கு வேணாம் பெயிண்டரே. சந்துல காத்து பூந்து போனாத்தான் தண்ணி ஆறும். அடைச்சிட்டா கொதிச்சிடும்" என்றான்.

சரியாகத்தான் சொன்னான். நன்றாக இளக்கி லேசாகத் தெளித்தால் கெடுதல் இல்லை, பிரஷ்ஷால் அப்பினால் தகடுகளின் சந்து மூடிக்கொள்ளும் என்பது எனக்கும் தெரியும். அதோடு நிறுத்தியிருக்கலாம். "போர்டு எழுதறவருக்கு இஞ்சின் சமாச்சாரம் எங்க தெரியப்போவுது" என்று முதலாளி எதிரில் சிரித்தான். அவரும் சிரித்தார்.

அவர்கள் போனதும் பிரஷ்ஷால் இரண்டு கோட்டிங் அப்பினேன். கொஞ்சம் கொதிக்கட்டும், நடுரோட்டில் நின்று முழிக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை வண்டி எடுக்க வந்தவன் முகம் மாறியது. "அடிச்சிட்டீங்களா?"

"லேசாத்தான் தெளிச்சேன்."

விரலால் தடவிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். என் வார்த்தையை நம்பி விழுப்புரத்துக்குக் கிளம்பினான்.

விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் கொதித்தது. சாக்கைப் போட்டு மூடியைத் திறந்திருக்கிறான். ஆவி முகத்தில் அடித்து இரண்டு கண்ணும் போய்விட்டது. அவனுக்கு இருபத்தெட்டு வயது.

காரை என் பட்டறைக்கே இழுத்துவந்தார்கள். மெக்கானிக் வருவதற்குள் பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷுமாக ரேடியேட்டரைச் சுரண்டிச் சுத்தம் செய்தேன். இதைச் சொல்ல நாக்கூசுகிறது. விசாரிக்க வந்த ஏட்டிடம், டிரைவர் தண்ணீர் பார்க்காமல் எடுத்துப் போனான் என்றேன். முதலாளி அதைக் கேட்டு அவனைக் கைகழுவிவிட்டார்.

ஒரு மாதம் கழித்து அவன் பெண்டாட்டி பாஞ்சாலி அவனைக் கைப்பிடித்து அழைத்துவந்தாள்.

"தண்ணி ஊத்தித்தான் எடுத்தேன்னு இவரு சொல்றாருண்ணே. நீங்க ஒரு வார்த்தை சொன்னா முதலாளி ஏதாவது வழி பண்ணுவாரு."

என் மேல் அவனுக்கு அப்போதும் சந்தேகம் இல்லை. என் குரல் எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரியாமல் சுவரைப் பார்த்து நின்றான். "நான் மூடியக் கழட்டிப் புடிச்சிக்கினு நின்னேன், நீங்கதானே குடத்துலேர்ந்து ஊத்தினீங்க பெயிண்டரே? ஞாபகம் இல்லியா?"

"அது வேற வண்டியா இருக்கும்ப்பா" என்றேன்.

 அவன் பாஞ்சாலியின் தோளைத் தொட்டு, "எனக்குத்தான் மறந்துபோச்சு போலருக்குது, வா" என்றான்.

வெட்கத்தில் மூன்று வருடமாக அவர்கள் தெருப்பக்கம் நான் போகவில்லை. என் வாக்குமூலமாக எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அவன் எதையும் மறக்கவில்லை. அன்று காலை ரேடியேட்டரின் வாய் வரைக்கும் தண்ணீர் ஊற்றியவன் நான்தான்.