சிவப்பு வெளுக்காமல் இருக்க

யாராவது உங்களிடம் வந்து சிவப்புக் கார் வாங்கட்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெள்ளை வாங்கட்டும், சாம்பல் வாங்கட்டும். வெயிலுக்குச் சிவப்பின் மேல் அப்படி என்ன கோபமோ, மற்ற நிறங்களை விட்டுவிட்டு அதைத்தான் முதலில் தின்னும். பளபளப்புப் போகும். அப்புறம் செங்கல் நிறமாகும். கடைசியில் ஈறு மாதிரி ஒரு ரோஸில் வந்து நிற்கும். உங்கள் நிலைய வாசலில் பிடித்துவைத்திருக்கும் வண்டிகளில் ஒன்று அந்தக் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. என்னை அழைத்து வரும்போது பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுங்கள் என்று சொல்லி, இன்ஸ்பெக்டர் அம்மா, நீங்கள் ஐந்து தாளும் ஒரு பேனாவும் கொடுத்தீர்கள். எழுதுகிறேன். ஆனால் காரிலிருந்துதான் தொடங்க முடியும். காரை விட்டுவிட்டு எழுதினால், நான் ஏதோ அண்ணன் மேல் வன்மம் வைத்திருந்தவன் மாதிரி ஆகிவிடும்.

கார் முதலில் அண்ணனுடையதுதான். என்னைவிட ஆறு வயது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். சின்ன வயதில் அவர் போட்ட சட்டைதான் எனக்கு, அவர் ஓட்டிய சைக்கிள்தான் எனக்கு, அவர் தோளில் மாட்டிய பைதான் எனக்கு. எனக்கு வந்து சேரும்போது எல்லாமே வெளுத்திருக்கும். பள்ளிக்கூடப் படத்தில் நான் போட்டிருக்கும் சட்டை என்ன நிறம் என்று என் மனைவி ஒருமுறை கேட்டாள். எனக்கே தெரியவில்லை. வெளுக்காமல் என் கைக்கு வந்த முதல் பொருள் அந்தக் கார்தான். நான்கு வருடத்துக்கு முன்னால், பார்வை மங்குகிறது, இனி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னதும், சாவியை என் உள்ளங்கையில் வைத்தார். "கலர் போகாம பாத்துக்கடா" என்றார். அவர் என்னிடம் கேட்டுக்கொண்டது வாழ்நாளில் அது ஒன்றுதான்.

பார்த்துக்கொண்டேன். கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன். காலையில் தளம் சூடாவதற்கு முன்னால் கழுவிவிடுவேன். இரண்டு வாளி வேண்டும், ஒன்று சோப்புக்கு, ஒன்று துணியை அலச. கூரையில் ஆரம்பித்துக் கீழே வரவேண்டும். கீழே விழுந்த துணியை மறுபடி தொடவே கூடாது. அதில் ஒட்டிய ஒரு மணல் போதும், கோடு விழுந்துவிடும். கழுவியபின் விரலில் பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு பெயின்டின் மேல் ஓட்டிப் பார்ப்பேன். வெறும் விரலுக்குத் தெரியாத அழுக்கெல்லாம் அப்போது நறநறவென்று தெரியும். இதையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் சாய்ந்து வேடிக்கை பார்ப்பார். "என்ன சார், பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்பார். அவருடைய கார் இரண்டு வருடத்தில் சாயம் போன துண்டு மாதிரி ஆகிவிட்டது. அவர் பேசுகிறார்.

போன வருடம் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு வார்த்தை மட்டும் எப்படியோ தப்பித்து மிஞ்சியது. "சரி." பசித்தால் சரி. வலித்தால் சரி. என் மனைவியைப் பார்த்தால் சிரித்துக்கொண்டு சரி. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த நர்ஸ் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னாள்: "அவருக்கு வர்ற வார்த்தை இப்ப அது ஒண்ணுதான். அவர் சரின்னு சொன்னா சரின்னு அர்த்தம் இல்ல. வார்த்தைய விட்டுடுங்க, முகத்தப் பாருங்க." என் மனைவி தலையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

அண்ணன் எங்களோடு வந்துவிட்டார். அதில் எனக்கு ஒரு மனக்குறையும் கிடையாது. குளிப்பாட்டியது நான், சவரம் செய்துவிட்டது நான். குறை என்று சொன்னால் ஷெட்டைப் பற்றித்தான். வீட்டுக்குள் பகலில் காற்றே கிடையாது, புழுங்கும். கார் ஷெட்டில் நல்ல காற்று வரும். என் மனைவி ஒரே நாளில் முடிவு செய்தாள். ஷெட்டில் மின்விசிறி மாட்டினாள், சக்கர நாற்காலியை அங்கே போட்டாள். அவள் வேலைக்குப் போகுமுன் நாங்கள் இரண்டு பேருமாக அண்ணனை ஐந்து படி இறக்கி ஷெட்டில் விடுவோம். அவள் திரும்பி வந்ததும் தூக்கி உள்ளே கொண்டுபோவோம். கார் வெளியே போயிற்று. வெட்டவெளியில், சிமென்ட் தளத்தில்.

"கவர் போட்டு மூடுங்களேன்" என்றாள். கவர் காற்றில் அலையும், அடியில் இருக்கும் தூசியை வைத்துப் பெயின்டைத் தேய்க்கும் என்று எத்தனை முறைதான் சொல்வது? "அது தகரங்க. இவரு மனுஷன்" என்றாள். நான் என்ன, இல்லை என்றா சொன்னேன்? இரண்டையும் பார்த்துக்கொள்ள வழியில்லையா என்றுதான் கேட்டேன். அதற்கு அவள் தலையில் அடித்துக்கொண்டு போனாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் சொல்வது வீட்டில் எடுபடாது.

பெட்ரோல் மூடியைத் திறந்தால் உள்பக்கத்தில் பழைய சிவப்பு இருக்கும். வெயில் படாத இடம். தினமும் திறந்து பானெட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். ஆறாவது மாதம் வித்தியாசம் தெரிந்தது. பெயின்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "சிவப்புன்னா வெளுக்கத்தான் சார் செய்யும்" என்று பீடியைக் கூடக் கீழே போடாமல் சொன்னான். அன்று எனக்கு வந்த எரிச்சலை யாரிடம் காட்டுவது? வீட்டுக்கு வந்தேன். என் காருக்கு இருந்த நிழலில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். தோல் மினுமினுவென்று, ஆறு மாதத்தில் நல்ல நிறம் ஏறியிருந்தார்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. காலையில் மேகமாக இருந்தது. வெளியிலேயே காருக்கு வாக்ஸ் மெழுகு போட்டுவிடலாம் என்று தொடங்கினேன். கூரையும் பானெட்டும் பூசி முடித்தபோது பதினொன்றரை. மேகம் சட்டென்று விலகிவிட்டது. வாக்ஸ் தெரிந்தவர்களைக் கேட்டுப்பாருங்கள், பூசிய வாக்ஸ் வெயிலில் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாக இறுகிவிடும், எடுக்கவே முடியாது. காரை உடனே நிழலுக்குக் கொண்டுபோகவேண்டும். நிழல் ஷெட்டில் மட்டும்தான் இருந்தது.

"அண்ணே, கொஞ்ச நேரம் வெளியில உக்காரலாமா?" என்று கேட்டேன். "சரி" என்றார்.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டுபோய்க் கார் நின்ற இடத்தில் நிறுத்தினேன். சக்கரத்துக்குப் பிரேக் போட்டேன். முகத்தை மதில் பக்கம் திருப்பிவைத்தேன், கண்ணில் வெயில் படக்கூடாது என்று. பக்கத்து வீட்டுக்காரர் ஊரில் இல்லை. காரை ஷெட்டுக்குள் விட்டு மின்விசிறியையும் போட்டேன், வாக்ஸ் சீராக உலரும்.

நேற்று நீங்கள் ஷெட்டை டேப் வைத்து அளந்தீர்கள். காரும் நாற்காலியும் சேர்ந்து நிற்க இடம் இருந்ததே என்றீர்கள். இருந்தது. ஆனால் நாற்காலியின் கைப்பிடி இரும்பு. அண்ணனின் இடது கை சும்மா இருக்காது, அசைந்துகொண்டே இருக்கும். கதவில் ஒரு உரசல் உரசியிருந்தால் யார் பதில் சொல்வது?

பத்து நிமிட வேலை என்றுதான் நினைத்தேன். பானெட் வந்த அழகைப் பார்த்தபின் கதவுகளை விட மனம் வரவில்லை. வட்டமாகத் தேய்க்கக்கூடாது, நேராகத் தேய்க்கவேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். பூசுமுன் கதவை ஈரத்துணியால் துடைக்கவேண்டும். எங்கள் குழாயில் உப்புத் தண்ணீர், தொட்டால் திட்டுத் திட்டாகப் படியும். நாற்காலியில் அண்ணனின் பாட்டில் தொங்கியது, வடிகட்டிய நல்ல தண்ணீர். "எடுத்துக்கட்டுமாண்ணே?" என்று பின்னாலிருந்து கேட்டேன். "சரி" என்றார். எடுத்துக்கொண்டேன். ஒரு பாட்டில் இரண்டு கதவுக்குத்தான் வந்தது.

அதற்குப் பிறகு நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் நிதானமாக, இடைவெளி விட்டு, சரி, சரி. அப்புறம் வேகமாக. பின்கதவுக்கு வந்தபோது ஒரேயடியாக, மூச்சு விடாமல். "இதோ ஆச்சுண்ணே" என்று ஷெட்டிலிருந்தே சொன்னேன். பிறகு குரல் கம்மியது. பின்பக்க பம்பரைத் தொடும்போது சத்தம் இல்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது பொய், அடித்துவிடுங்கள். அப்படி நினைக்கவில்லை. அப்பாடா என்று இருந்தது. அவ்வளவுதான்.

மதிய வெயிலில் அந்தத் தளத்தில் நிற்கும் பானெட்டில் கை வைக்க முடியாது என்பது எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். என்னைவிட வேறு யாருக்குத் தெரியும்? ஆறு மாதம் கை வைத்துப் பார்த்தவன் நான்.

நான்கு மணிக்கு என் மனைவி கேட்டைத் திறக்கும்போது நான் பெட்ரோல் மூடியைத் திறந்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். உள்ளும் புறமும் ஒரே சிவப்பு. அவளைக் கூப்பிட்டுக் காட்டவேண்டும் என்று இருந்தது. அவள் காரைப் பார்க்கவில்லை. ஷெட்டைப் பார்த்து, "உங்க அண்ணன் எங்க?" என்றாள். பிறகு அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. அவளுக்கு முன்னால் நான்தான் அவரிடம் போனேன். கையைத் தொட்டேன். கைக்கடிகாரத்தின் பட்டையை நகர்த்திப் பார்த்தேன். அடியில் பழைய நிறம் அப்படியே இருந்தது.

நர்ஸ் சொன்னது ஞாபகம் இருந்ததா என்று மூன்று தடவை கேட்டீர்கள். இருந்தது. காலையில் நாற்காலியைத் திருப்பியபோதும் இருந்தது, பாட்டிலை எடுத்தபோதும் இருந்தது. முகத்தைப் பாருங்கள் என்றாள். மதில் பக்கம் திரும்பியிருந்தவரின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது? செய்தவன் நான்தான், கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் ஒன்றை மட்டும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். அவரைக் கேட்டுவிட்டுத்தான் நகர்த்தினேன். நாலரை மணி நேரம், கூப்பிடு தூரத்தில்தான் இருந்தேன். அண்ணன் ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை.