சடையப்பனின் இடது கை

“…குதிரைன்னு போட்டிருக்கான். பாரும், நல்லா கிட்ட வச்சுப் பாரும் தம்பி. இது குதிரையா? எங்க தொழுவத்துல எருமைக்கன்னு மழையில நனைஞ்சுட்டு நிக்கும், அது இதவிட லெச்சணமா இருக்கும். இந்த எழவ ஒருத்தன் வரைஞ்சு, இன்னொருத்தன் அச்சடிச்சு… கேட்டேரா? சும்மா தலைய ஆட்டப்பிடாது. குதிரையா, இல்லியா?”

வெள்ளமடம் முக்கில் இஞ்ஞாசியின் காப்பிக்கடை பெஞ்சில் அய்யம்பெருமாள் பிள்ளை உட்கார்ந்திருந்தார். மடியில் பழைய வாரப் பத்திரிகைகளைச் சேர்த்துத் தைத்த கட்டு. பக்கத்தில் வாழையிலையில் பொதிந்த மாலை. திருநெல்வேலி பஸ்ஸிலிருந்து இறங்கிய இளைஞன், வாசகசாலைக்கு வழி கேட்கலாம் என்றுதான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். கேட்பதற்குள் பிள்ளை கட்டைப் பிரித்துவிட்டார்.

இளைஞன் பெயர் குலசேகரன். ‘சாரதி’ என்ற பெயரில், சௌக்கை என்கிற சோதனைச் சாவடியில் காவல் நிற்பவனைப் பற்றிய ‘சௌக்கைச் சடையப்பன்’ படக்கதையை வாராவாரம் வரைகிறவன் அவன்தான். சடையப்பனுக்குக் கல்லில் செய்த சிலையை அன்று சாயங்காலம் வாசகசாலை வாசலில் திறந்து வைக்க அவனை அழைத்திருந்தார்கள். சீக்கிரமே வந்துவிட்டான். பிள்ளையோ, சாரதி என்றால் தலை நரைத்த பெரியவராகத்தான் இருப்பார் என்று நம்பி, அடுத்த பஸ்ஸுக்காகக் காத்திருந்தார்.

“இது யாருன்னு தெரியுமில்லா? ஆரல்வாமொழி சௌக்கையில கள்ளக்கடத்து வண்டிய ஒத்தக் கையக் காட்டி நிறுத்துவானே, அந்தச் சடையப்பன். எங்க வீட்டுக்காரி கோமளவல்லி, வெள்ளிக்கெழம பத்திரிகை வந்துட்டா உலையில அரிசி போட மாட்டா. பச்சத் தண்ணி கொதிச்சு வத்தும். அது இப்ப வாறது. இப்ப வாறது சொக்கத் தங்கம், கொறை சொன்னா நாக்கு அழுகிரும். கடல வரைஞ்சா நமக்குக் கால் நனையும். நான் சொல்லுறது மொத வருசம், நாப்பத்தொம்பதுல வந்தது. இந்தா, இங்க மீசை இருக்கா? அடுத்த கட்டத்துல எங்க? ஓடுற வண்டியில சவரம் பண்ணினானோ? அதுக்கடுத்த கட்டம் பாரும்… மொளைச்சாச்சு. கீரை கூட இந்த வேகத்துல மொளைக்காது தம்பி.”

குலசேகரன் பார்த்தான். தீப்பெட்டிக்கு லேபிள் வரைந்துகொண்டிருந்த காலத்தில், இருபது வயதில் வரைந்த கட்டங்கள். பிறகு அவற்றை அவன் பார்த்ததே இல்லை. உலகத்தில் ஒரு பிரதிகூட மிஞ்சியிருக்காது என்று நம்பி நிம்மதியாக இருந்தான்.

“அது கெடக்கட்டும். இத எண்ணும். சடையப்பன் இடது கைய நீட்டி ‘நில்லு’ங்கான்லா, அந்த விரல எண்ணும். பெருவிரலையும் சேத்து.”

குலசேகரன் எண்ணினான்.

“ஆறு. ஆறு விரலு வே. சந்தேகம் வந்தா தன் கையவே ஒருதரம் தூக்கிப் பாத்திருக்கலாம்லா? வரைஞ்சவனுக்குக் கை உண்டுல்லா? சந்தையில போய்ப் பாக்க வேண்டிய சாமானமா அது?”

குலசேகரன் ஐந்தே விரல் உள்ள தன் இடது கையைப் பைக்கு அடியில் தள்ளிக்கொண்டான்.

“தாள்ல இருந்தா மடக்கி வச்சிட்டுப் போயிரலாம். இது கல்லுல இல்லா கெடக்கு. ஆளுசரத்துக்கு, கருங்கல்லுல, கைய நீட்டிக்கிட்டு நிக்கான். சாயங்காலம் சிலைதிறப்பு. மயிலாடிப் பொன்னுலிங்கம் ஆசாரி கொத்துனது. நல்ல வேலைக்காரன்னுதான் ஊரெல்லாம் சொல்லுகு. என்ன பிரயோசனம்? ஒரு வார்த்த கேக்கப்பிடாதா? இந்தக் கையில என்னமோ கூடுதலா இருக்கேன்னு வாயத் தொறக்கப்பிடாதா? கல்லோட பழகிப் பழகி ஆளும் கல்லாட்டு ஆயிட்டான்… ஏ இஞ்ஞாசி, இவருக்கு ஒரு காப்பி குடு. சீனி கம்மியா, ஆளு ஏற்கெனவே ஒரு மாதிரியா இருக்காரு. பஸ்ஸுல வந்த கெறக்கமா தம்பி?

“செரி, உளிய எடுத்து ஒரு விரலத் தட்டி விடும், சோலி முடிஞ்சுதுன்னேன். மாட்டேங்கான். கண்ணு தொறந்தாச்சாம். கண்ணு தொறந்த சிலையில பொறவு உளி படப்பிடாதாம், பட்டா பின்னமாம், பின்னமானத நிறுத்தப்பிடாதாம். ‘ஓய், இது சாமி இல்ல, சௌக்கைக்காரன்’ன்னேன். ‘சாமியானாலும் சௌக்கையானாலும் கண்ணு கண்ணுதான்’ங்கான். இவன்கிட்ட என்னத்தப் பேச?

“கேக்கலன்னு சொன்னேன்… கேக்காம இல்ல. கேட்டான். படத்தத் தூக்கிக்கிட்டு மயிலாடியிலேருந்து நடந்தே வந்தான். ‘பிள்ளை, கையப் பாரும்’ன்னான். நான் மடைய அடைக்கப் போற அவசரத்துல நிக்கேன். ‘சாரதி வரைஞ்சதுல குத்தம் சொல்ல நீரு யாருவே? ஒரு கோடு மாறப்பிடாது, அப்பிடியே கொத்தும்’ன்னேன். அவன் ஒரு மாதிரி பாத்தான். போயிட்டான். கொத்திட்டான். அப்பிடியே.

“அந்த வைகுண்டராஜன் மட்டும் சும்மா இருந்திருந்தா இதெல்லாம் இல்ல. எங்க வாசகசாலை செக்ரட்டரி. சிலைக்கு இப்ப உள்ள படத்துல ஒண்ணக் குடுப்போம், அதுதான் திருத்தமா இருக்குன்னு கூட்டத்துல எந்திச்சுச் சொன்னான். விடுவனா? ‘ஓய், ஆரம்பத்துல வந்ததுதான் சடையப்பன், இப்ப வாறதெல்லாம் நீத்தண்ணி’ன்னேன். அஞ்சு வருசமா அப்பிடித்தான் சொல்லிட்டு வாறேன். ஒருத்தனும் எதுத்துப் பேசினதில்ல. எப்பிடிப் பேசுவான்? மொத வருசத்துப் பத்திரிகை எங்கிட்ட மட்டும்தானே உண்டு. பெட்டியில பூட்டில்லா வச்சிருந்தேன். அந்த ஒரு தாளத்தான் ஆசாரிக்குக் கத்தரிச்சுக் குடுத்தேன், அதுவும் மடிச்சபடிக்கு, பிரிச்சுப் பாக்காம. நேத்துதான் அது திரும்பி வந்துது.

“எடைக்கெடையில தொறந்து பாத்தேரான்னு கேக்கேரா? என்னத்துக்குத் தொறக்கணும்? எல்லாம் மனசுல இருக்கே. மனசுல அந்தக் குதிரை எப்பிடி இருந்துது தெரியுமா தம்பி? பிடரி அப்பிடியே காத்துல பறக்கும். சிலையப் பாத்துட்டு வந்து நேத்துதான் கட்டப் பிரிச்சேன். எருமைக்கன்னு.”

பிள்ளை கட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். உடனே மறுபடியும் பிரித்து அந்தக் கையைப் பார்த்தார்.

“துணிய எடுத்ததும் வைகுண்டராஜன் சத்தமா எண்ணுவான். சின்னப் பிள்ளைகளும் கூடச் சேந்து எண்ணும். அதுக்குப் பொறவு எந்த மொகத்த வச்சிட்டு நான் வாசகசாலைப் படியில ஏறுவேன்? வீட்டுல இருந்தா கோமளவல்லி எண்ணுவா. ஒரே வழிதான் இருக்கு. சாரதி வருவாருல்லா. மைக்குல ஒரு வார்த்த… ‘சடையப்பனுக்கு ஆதியிலேயே ஆறு விரலு, அதாக்கும் அவன் விசேசம்’னு சொல்லிட்டாருன்னா ஒரு பய வாயத் தொறக்க மாட்டான். அவரு பெத்த பிள்ளை, அவரு சொன்னா சொன்னதுதான். பஸ்ஸு விட்டு எறங்கினதும் கால்ல விழுந்தாவது கேட்டிருவேன். சொல்லுவாரா தம்பி? உமக்கு என்ன தோணுகு?”

குலசேகரன் வாயைத் திறந்தான்.

“சொல்லமாட்டாரு. பெரிய மனுசன். தப்பத் தப்புன்னு சொல்லிருவாரு… இரியும், இரியும், பஸ்ஸு சத்தம் கேக்கு.”

பிள்ளை மாலைப் பொதியோடு சாலையைக் கடந்து ஓடினார். கிழக்கேயிருந்து வந்த பஸ்ஸின் படியருகே நின்று, இறங்குகிற நரைத்த தலைகளையெல்லாம் உற்றுப் பார்த்தார். குலசேகரன் எழுந்தான். நான்தான் என்று இனிமேல் போய்ச் சொன்னால் இரண்டு பேருமே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. சொல்லாமல் நேரே மேடைக்குப் போனாலும், மைக்கின் முன்னால் அவனுக்கு ஒருபோதும் வார்த்தை வந்ததில்லை. எதைச் சொல்வதென்றாலும் கைதான் சொல்லவேண்டும். இந்தப் பக்கத்தில் நாகர்கோயிலிலிருந்து திருநெல்வேலி போகிற பஸ் வந்து நின்றது. ஏறிக்கொண்டான்.

ஆரல்வாய்மொழி சௌக்கையில் அரிசி மூட்டை சோதிக்க பஸ்ஸை நிறுத்தினார்கள். அடுத்த வாரத்துப் பக்கம் பையில்தான் இருந்தது. மறுநாள் அச்சுக்குப் போகவேண்டியது. கடைசிக் கட்டத்தில் சடையப்பன் இடது கையை விரித்து ஒரு லாரியை நிறுத்திக்கொண்டிருந்தான். குலசேகரன் பேனாவைத் திறந்தான். சுண்டுவிரலுக்கு வெளியே இடம் இருந்தது. அவசரப்படாமல், நகத்தோடு, மூட்டு ரேகைகளோடு, ஒரு விரல் வரைந்தான்.

சோதனைக்கு ஏறிய சிப்பாய் அவன் சீட்டருகே வந்ததும் மூட்டைகளை மறந்து நின்றுவிட்டான்.

“நம்ம சடையப்பன்லா?” என்றவன் குனிந்து பார்த்தான். உதடு அசைய எண்ணினான். “ஒரு விரலு கூடுதலா இருக்கே சார்.”

“அவனுக்கு ஆரம்பத்திலேயே ஆறு” என்றான் குலசேகரன்.

சிப்பாய் ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு, பக்கத்து சீட்டுக்காரரும் கேட்கும்படியாக, கொஞ்சம் கோபத்தோடே சொன்னான்: “அது எனக்குத் தெரியாதா? நான் மொத வாரத்துலேருந்து படிக்கேன்.”