ஐந்தாவது குழியில் இருந்த பச்சை

எங்கள் கடற்கரையை வரைய வருகிறவர்கள் முதல் நாள் செய்கிற தவறு ஒன்றுதான். பச்சையை அதிகமாகக் கரைத்துவிடுவார்கள். இயற்கைக் காட்சி என்றால் பச்சை என்று பழகியவர்கள். இங்கே இருப்பது மணல், உடைமரம், பனை. பனை ஓலைகூட வெயிலில் சாம்பல் நிறமாகத்தான் தெரியும். பச்சை தேவைப்படுவது ஒரே இடத்துக்கு: பாம்பன் பக்கம், வெயில் ஏறும் நேரத்தில், அடிமணல் தெரிகிற ஆழமில்லாத கடலுக்கு.

அந்தப் பச்சையைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும், சிலுவைமுத்து வாத்தியார். பேசாலையிலிருந்து கடல் தாண்டி வந்திருக்கிறீர்கள். வேளாங்கண்ணியின் வண்ணப் பெட்டியைக் கேட்டீர்கள். உங்கள் மகள் படம் போடுகிறாள், அவளுக்கென்று சொன்னீர்கள். கொடுப்பதற்கு முன்னால் சொல்லிவிடுவதுதான் முறை.

நானும் வேளாங்கண்ணியும் உச்சிப்புளியில் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். நான் டிராயிங் டீச்சர், அவள் தையல் டீச்சர். ஒரே வீட்டில்தான் இருந்தோம். மே மாத விடுமுறையில் மண்டபத்துக்கு மேற்கே ஒரு தென்னந்தோப்பை வாடகைக்கு எடுத்து, பெண் ஆசிரியைகளுக்கு வாட்டர் கலர் முகாம் நடத்துவோம். பரமக்குடி, கமுதியிலிருந்தெல்லாம் வருவார்கள். காலையில் பலகையும் காகிதமுமாகக் கரைக்குப் போய்விடுவோம். சமையலுக்குக் கருத்தம்மாள். முகாமை ஆரம்பித்தது நான். ஆனால் வருகிறவர்கள் அவளுக்காகத்தான் வந்தார்கள். தப்பாக வரைந்தவளைக்கூடச் சிரிக்க வைத்து அனுப்புவாள். எனக்கு அதில் வருத்தமில்லை. சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அவள் வீட்டுக்கு வருவது என்னோடுதானே.

எங்கள் முகாமில் தண்ணீர்தான் பெரிய பாடு. எதிரே கடல் கிடக்கிறது, அதில் வண்ணம் கரைக்க முடியாது. காய்ந்ததும் காகிதத்தில் உப்பு பூத்துப் படம் பாழாகிவிடும். நல்ல தண்ணீரை ஊற்றிலிருந்து குடத்தில் சுமந்துவர வேண்டும். ஆளுக்கு ஒரு கிண்ணம்தான். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. தூரிகையின் நுனியைக் கூராக்க அதைத் தண்ணீரில் முக்காமல் உதட்டில் வைத்து இழுத்துக்கொள்வோம். நான்தான் முதலில் செய்து காட்டினேன். மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். வேளாங்கண்ணி மட்டும் உடனே பிடித்துக்கொண்டாள். பிறகு அவள் யோசிக்கும்போதுகூடத் தூரிகை வாயில்தான் இருக்கும்.

உங்கள் வரன் பங்குச் சாமியார் மூலமாக வந்தது. மனைவியை இழந்தவர், ஒரு பெண் குழந்தை இருக்கிறது என்றார். வேளாங்கண்ணியின் அண்ணன் தலைமன்னாரிலேயே இருந்தது வசதியாகிவிட்டது. அவள் என்னிடம் வந்து சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது.

“தாயில்லாப் பிள்ளை, அக்கா. எனக்கும் இங்கன யாரு இருக்கா?”

அப்போது நான் அவளுடைய சேலையை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்து முடித்தேன்.

“நீங்களும் வாங்கக்கா, ஒரு மாசம் அங்கன வந்து இருங்க,” என்றாள். மனதாரத்தான் சொன்னாள். ஒரு மாதம் என்று அவள் சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வருஷ முகாம் முடிந்ததும் அவள் கப்பல் ஏறுவதாக இருந்தது. உங்கள் மகளுக்குக் காட்டுவதற்காக இந்தக் கரைக் கடலைப் பல நேரங்களில் வரைந்து எடுத்துப்போக ஆசைப்பட்டாள். கடைப் பச்சை எதுவும் அந்தத் தண்ணீருக்கு ஒத்துவரவில்லை. மஞ்சளும் நீலமும் கலந்து பார்த்தாள், கலங்கிப்போயிற்று. ஒருநாள் பள்ளிக்கூட அறையில், குட்டைகளில் கொசுப்புழு சாகத் தூவுவதற்காக மலேரியா ஆட்கள் கொடுத்துப்போன பச்சைப் பொடி டப்பாவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“அக்கா, இதுதான் நம்ம கடலு.”

அது விஷம் என்று எனக்குத் தெரியும். டப்பாவைக் கொடுத்தவர் என்னிடம்தான் சொன்னார், தொட்டால் கையைக் கழுவாமல் சோற்றில் வைக்கக்கூடாது என்று. அவளிடமும் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

பிறகு அதை அரைத்து வண்ணமாக்கி அவள் பெட்டியின் ஐந்தாவது குழியில் ஊற்றிக் காயவைத்துக் கொடுத்தேன். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை. பிரிந்து போகிறவளுக்கு அவள் ஆசைப்பட்டதைக் கொடுப்பது தப்பா என்று நினைத்துக்கொண்டேன்.

இலங்கைக்குப் போகிறவர்களை மண்டபம் காம்ப்பில் சோதித்து அனுப்புவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். வாந்தியோ பேதியோ இருந்தால் கப்பலுக்கு விடமாட்டார்கள். அவளுக்குச் சின்னதாக உடம்பு சரியில்லாமல் போனால் போதும் என்பதே என் கணக்கு. ஒரு கப்பல் தவறும். கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். அவசரப்படாமல் யோசித்தால் அவளே மனம் மாறுவாள். அவளுடைய நன்மைக்குத்தான்.

முகாமில் அவள் கடலைத்தான் வரைந்தாள். கருத்தம்மாள் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு அவளையே பார்த்தாள்.

“ஏத்தா, வாயெல்லாம் கிளிப்பச்சையா இருக்கு? கப்பல் ஏறுறதுக்கு முந்தியே பறந்துருவ போலருக்கே.”

“பறந்தா நல்லதுதான், டிக்கெட்டு மிச்சம்,” என்றாள் வேளாங்கண்ணி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவள் என் பக்கம் திரும்பி, நான் இப்போதெல்லாம் தூரிகையை வாயில் வைப்பதே இல்லையே, ஏன் என்று கேட்டாள். பல் கூசுகிறது என்றேன். “வயசாயிருச்சுக்கா ஒங்களுக்கு,” என்று தன் கிண்ணத்தில் இருந்த நல்ல தண்ணீரில் பாதியை என் கிண்ணத்தில் ஊற்றினாள். தண்ணீர் இல்லாததால்தான் அவள் தூரிகையை வாயில் வைத்தாள். அந்தத் தண்ணீரை நான் திருப்பிக் கொடுத்திருக்கலாம்.

நினைத்தபடியே நடந்தது. காம்ப்பில் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உங்களுக்குத் தந்தி கொடுத்ததும் நான்தான். அதன் பிறகு வந்த வாரங்களைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள். நன்றாக இருந்தாள் என்று சொன்னேன், அது பொய்யில்லை. நான் லீவு போட்டேன். கஞ்சி காய்ச்சினேன், தலையை நனைத்துத் துடைத்தேன், உள்ளங்காலுக்கு எண்ணெய் தேய்த்தேன். மெலிந்துபோயிருந்தாள். மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு, “நீங்க இல்லேன்னா நான் என்னக்கா ஆயிருப்பேன்,” என்றாள். என் வாழ்க்கையில் அப்படி ஒரு காலம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

படம் போடாததால் உடம்பு தேறியது. மனம்தான் மாறவில்லை. உங்கள் மகளுக்கு ஒரு பாவாடை தைத்து முடித்தாள். அடுத்த கப்பலில் வருவதாக உங்களுக்கு எழுதினாள். அந்த மடலை உறையிலிட்டு ஒட்டும்போது, “கடைசியா ஒரு தடவ தனுஷ்கோடி போயி வரஞ்சிட்டு வருவோமாக்கா?” என்றாள். அதை நான் கேட்கவில்லை, அவளாகத்தான் கேட்டாள். இதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

ஐந்தாவது குழி ஏறக்குறையக் காலியாக இருந்தது. நிரப்பிக் கொடுத்தேன். போன தடவை நீர்த்துப்போய்விட்டது என்று அவளே குறைபட்டதால் கொஞ்சம் கெட்டியாக.

இரண்டு பக்கமும் கடல் இருக்கிற அந்த முனையில் காலை முழுவதும் உட்கார்ந்திருந்தாள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் நின்றேன். தூரிகை வாய்க்கும் காகிதத்துக்கும் போய்வந்துகொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லலாம் என்று நினைத்தபோதெல்லாம் காகிதம் ஈரமாக இருந்தது. ஈரக் காகிதத்தில் வேலை செய்கிறவளைக் கூப்பிடக்கூடாது, வண்ணம் திட்டுத்திட்டாக நின்றுவிடும். அது எங்கள் முகாமின் விதி. அந்தப் படம்தான் அவள் வரைந்ததிலேயே சிறந்தது. தூரத்தில் உங்கள் கரை ஒரு மெல்லிய கோடாகத் தெரியும்.

திரும்பி வரும்போது ரயிலிலேயே வாந்தி ஆரம்பித்துவிட்டது. இந்த முறை கஞ்சி நிற்கவில்லை. கருத்தம்மாள்தான் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனாள். அங்கே ஊர்ப்பேதி என்றுதான் பார்த்தார்கள். அந்தச் சமயத்தில் கரையெங்கும் அதுதான் இருந்தது. அவர்கள்மேல் குறை சொல்ல முடியாது, கேட்டவர்களிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. “கப்பல் போயிருச்சாக்கா?” என்று கேட்டாள். இன்னும் போகவில்லை என்றேன். மறுநாள் மத்தியானம் கண்ணை மூடினாள். அப்போதும் கீழுதட்டு ஓரத்தில் கொஞ்சம் பச்சை இருந்தது. என் முந்தானையால் துடைத்துவிட்டேன்.

அவளைக் கொல்ல வேண்டும் என்று ஒரு கணமும் நான் நினைத்ததில்லை. கெட்டியாகக் கரைத்துவிட்டேன். வாட்டர் கலரில் மேலே வெள்ளை பூசிச் சரிசெய்ய முடியாது. கைமீறிப் போனால் போனதுதான்.

இதைச் சொல்லாமலே இருந்திருப்பேன். நேற்று நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள், உங்கள் மகளும் தூரிகையை வாயில் வைத்துக்கொண்டுதான் யோசிப்பாள், எத்தனை தடவை அடித்தாலும் கேட்பதில்லை என்று. அதற்குமேல் எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. விடிந்ததும் பெட்டியைத் தேய்த்துக் கழுவினேன். ஐந்தாவது குழியில் இப்போது இருப்பது கடையில் வாங்கிய பச்சை. நம்பிக் கொடுக்கலாம். படமும் பாவாடையும் அந்தத் துணிப்பைக்குள் இருக்கின்றன.

போலீஸ் ஸ்டேஷன் போக வேண்டுமானால் போங்கள், கதவு திறந்துதான் இருக்கிறது. நான் இதையே அங்கும் சொல்வேன்.

ஆனால் உங்கள் மகளை நினைத்தால்தான் மனது கேட்கவில்லை. முதலில் அம்மா போய்விட்டாள், வருவதாகச் சொன்னவளும் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்குமாக ஓடுகிற நீங்கள் எவ்வளவுதான் கவனித்துக்கொள்வீர்கள்? அவளுக்கு ஏதாவது உடம்புக்கு வந்தால் தயங்காமல் என்னிடம் கொண்டுவந்து விடுங்கள். நோயாளியைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்வதில் எனக்கு யாரும் ஈடில்லை. கருத்தம்மாளைக் கேட்டுப் பாருங்கள், அவளே சொல்வாள்.