நாலோங்கோவுக்கு யார் ஈடு?

திறந்த செவியும் தெளிந்த சொல்லும் ஒருங்கே வாய்த்த தலைவர் ஹாஜி முலோண்டோ அவர்களே! ஊசி முனையால் ஊருக்கே உடுப்புத் தந்த மூத்தோர்களே! பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு முன்வரிசை பிடித்திருக்கும் தாய்மார்களே! கியெம்பே சந்தின் தையற்பெருமக்களே! வணக்கம்.

எனக்கொரு சந்தேகம். சில நாளாய் மத்தோக்கே வாழைக்காய் மசியல்கூடத் தொண்டையில் இறங்கவில்லை. "பொய் சொல்லாதய்யா, மத்தியானம் ரெண்டு தட்டு காலி பண்ணியே!" என்கிறார் அங்கே ஒருவர். சரி, தூக்கம் வரவில்லை என்று திருத்திக்கொள்கிறேன். சந்தேகம் இதுதான்: ஊருக்கே தெரிந்த ஒருத்தி, வங்கிக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போனாள்?

நம் நாலோங்கோ வாடகைத் தையல் இயந்திரத்தை மிதித்துப் பிழைப்பவர். "மாசக் கடைசிக்குள்ள விலைக்கு வாங்கிக்க, இல்லேன்னா வேற ஆளுக்குத்தான்" என்று இயந்திரக்காரர் கெடு வைத்துவிட்டார். அதற்காகத்தான் வங்கியில் கடன் கேட்டார். விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். பளபளக்கும் காலணி, பவ்வியமான பேச்சு. பொத்தான் விற்கும் செம்வாங்காவிடம் கேட்டார்: "ரொபினா நக்கிமேரான்னு ஒரு தையல்காரம்மா எங்க இருக்காங்க?"

"அப்படி யாரும் இங்க இல்லீங்களே! தைக்கணும்னா பக்கத்துக் கடை நாலோங்கோகிட்ட குடுங்க. நூல் வாங்கப் போயிருக்காங்க, இப்ப வந்துருவாங்க. துணி கிழிஞ்சாலும் அவங்க போட்ட தையல் பிரியாது. என் கடைச் சாவியே அவங்ககிட்டதான் இருக்கும்!"

"எனக்குத் தைக்க ஒண்ணுமில்ல" என்று அதிகாரி போய்விட்டார். அப்படி ஓர் ஆளே இல்லை என்று வங்கி கைவிரித்துவிட்டது.

சிரிக்கிறீர்கள். செம்வாங்காவைக் கோபிக்க முடியுமா? இரட்டைப் பிள்ளை பெற்றவளை நாலோங்கோ என்றல்லாமல் பெயர் சொல்லியா அழைப்போம்? அவர் பெயர் ரொபினா என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்!

விஷயம் தெரிந்ததும் செம்வாங்கா பட்டப்பகலில் கடையைச் சாத்திவிட்டு வங்கிக்கு ஓடினார்.

"நீங்கதானே இல்லேன்னு சொன்னீங்க?" என்றார் அதிகாரி.

"ஐயா, நீங்க பேரைக் கேட்டீங்க, தெரியல. ஆளைக் கேளுங்க, சாயங்காலம் வரைக்கும் சொல்றேன்!"

அதிகாரிக்கும் சங்கடந்தான். "மறுபடி மனுப் போடச் சொல்லுங்க, அடுத்த மாசம் பாக்கலாம்" என்றார். அடுத்த மாதம்வரை இயந்திரம் காத்திருக்குமா? இரட்டையரின் வயிறு காத்திருக்குமா?

கடன் என்பது என்ன? காசா? காகிதமா? கையெழுத்தா? 'இவரை எனக்குத் தெரியும்' என்று நாலு பேர் நடுவில் ஒருவர் துணிந்து சொல்கிறாரே, அதுதானே கடனுக்கு முதல்!

தலைவர் அவர்களே, நம் சேமிப்புச் சங்கத்தில் நாலோங்கோவுக்குக் கடன் கொடுக்க ஈடு என்ன என்று காலையில் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. இதோ, சபையையே கேட்கிறேன். நாலோங்கோவைத் தெரிந்தவர்கள், அவருக்காகப் பொறுப்பேற்பவர்கள், கை தூக்குங்கள்!

அடேயப்பா! செம்வாங்கா, ஆளுக்கு ஒரு கைதான், ரெண்டையும் தூக்காதீர்! நாலோங்கோ அக்கா, நீங்க கையை இறக்குங்க. உங்களுக்கு உங்களைத் தெரியும்னு எங்களுக்குத் தெரியும்!

என்ன இது? தலைவரே கை தூக்கிவிட்டாரே!

இனி எனக்குப் பேச்சில்லை. இன்றுதான் மாதக் கடைசி; இயந்திரக்காரர் கடையடைக்குமுன் ஓட வேண்டும். கேட்ட செவிகளுக்கு நன்றி. தூக்கிய கைகளுக்கெல்லாம் என் வணக்கம்!