ஒன்பது நிமிடம் வலப் பக்கம்

என் பெயரும் முகவரியும் கோப்பின் முதல் தாளில் உள்ளபடியே. வயது நாற்பத்தொன்று. பெரிய ஆஸ்பத்திரியில் பதினாறு வருடமாக ஸ்கேன் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். என் மேல் இந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தவர் நோயாளியின் மைத்துனர். நோயாளிக்குத் தையல் தொழில். எல்லோரும் அவரைக் கட்டிங் மாஸ்டர் என்பார்கள்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, துணி வெட்டும்போது வலது கையிலிருந்து கத்தரிக்கோல் நழுவி, வாய் கோணி, பேச்சு நின்றுபோன நிலையில் மாஸ்டரை அவர் மனைவியும் மைத்துனரும் கொண்டுவந்தார்கள். மூளையில் ரத்தக்கட்டி அடைத்திருப்பது படத்தில் தெரிந்து, அதைக் கரைக்கும் மருந்தை டாக்டர் நரம்பில் ஏற்றத் தொடங்கினார். மருந்து இறங்கும் ஒரு மணி நேரமும் நெற்றிப்பொட்டில் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து ஒலி அலையைச் செலுத்தினால் கட்டி சீக்கிரம் கரைய வாய்ப்புண்டு என்பதால், கருவியைப் பிடித்திருக்கும் வேலை எனக்குத் தரப்பட்டது.

அதன் பிறகு நான் கருவியை வலது நெற்றிப்பொட்டில் வைத்தேன். ஒன்பது நிமிடம் கழித்து எடுத்து இடது பக்கம் வைத்தேன். அதைப் பார்த்த மைத்துனர், "விளங்காம கெடக்குறது வலது கை, இந்தம்மா இடது பக்கம் அமுக்குது! கண்ண எங்க வெச்சிருக்கே?" என்று கத்தினார். மூளையின் இடது பாதிதான் வலது கையை ஆட்டுவிக்கிறது என்று சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. எனக்கும் கோபம் வந்து, "அப்ப நீங்களே வந்து பிடிங்க" என்று சொன்னது உண்மை. சொல்லியிருக்கக் கூடாது.

அதன் பிறகு, மருந்து ஏறத் தொடங்கிய நாற்பதாவது நிமிடத்தில், அதுவரை சத்தமே இல்லாத ரத்தக்குழாயில் 'உஸ், உஸ்' என்று ரத்தம் ஓடுவது கருவியில் கேட்டது. மாஸ்டரின் வலது கை விரல்கள் கத்தரி பிடிப்பதுபோல் அசைந்தன. கை இப்போது நன்றாக இருக்கிறது. பேச்சுதான் சரியாகவில்லை. தண்ணீர் கேட்டாலும் "நூல்" என்கிறார், மனைவியைக் கூப்பிட்டாலும் "நூல்" என்கிறார். "கூப்பிடுறாரே, அது போதும்" என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

இடது பக்கம் வைத்ததே சரி என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பதால் புகார் நிற்காது, நீங்கள் போகலாம் என்று ஆய்வாளர் சொன்னார். நான் போகவில்லை. முதலில் வலது பக்கம் வைத்ததுதான் தப்பு. நோயாளியின் சீட்டில் 'வலது கை பலவீனம்' என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, பதினாறு வருட அனுபவக்காரி, கை போன பக்கமே கருவியையும் வைத்துவிட்டேன். அங்கே ரத்தம் ஜோராக ஓடும் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மைத்துனரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் நினைத்ததைத்தான் நானும் செய்தேன்.

அந்த ஒன்பது நிமிடம் வீணாகாமல் இருந்தால் பேச்சு வந்திருக்குமா என்று நேற்று டாக்டரிடம் கேட்டேன். "அத யாராலயும் சொல்ல முடியாதும்மா. வெளிய சொன்னா வேலை போயிடும், பாத்துக்க" என்றார். வேலை போனால் போகட்டும் என்று வீரம் பேச மாட்டேன். எனக்கு அந்த வேலை வேண்டும். ஆனால் மாஸ்டரின் மனைவி, எனக்கு நன்றி சொல்ல வேண்டுமென்று, இந்த அறைக்கு வெளியே பெஞ்சில் ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறார்.

இவை என் வாயால் சொன்னவை. எழுதியதைப் படிக்கக் கேட்டேன், சரியாக உள்ளது. இன்னொரு முறை, அந்த அம்மாவை உள்ளே அழைத்து, அவர் முன்னால் படிக்கும்படி கேட்டுக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
ஸ்கேன் டெக்னீஷியன்