மூன்று நிறத்தில் ஒரு பலகை

அடையாள அட்டையை லேமினேட் செய்வதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை சார். பாக்கெட்டில் கிடந்து கசங்குகிற பொருள். மழை படும், வியர்வை படும். செய்யத்தான் வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பத்திரிகைக்காரர்கள் என்னைப் பிளாஸ்டிக்கைக் கண்டாலே வெறி பிடிக்கிற ஆளாக எழுதிவிடுவார்கள்.

நானும் அண்ணனும் நடத்தியது அப்பா விட்டுப்போன தியேட்டர். பால்கனிக்கு வளைந்து ஏறும் படிக்கட்டு, கூரை முழுக்கச் சுண்ணாம்பில் செய்த பூ வேலை, டிக்கெட் கவுன்டருக்குப் பித்தளைக் கம்பி. எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து வாயைப் பிளந்துகொண்டு படம் எடுப்பார்கள். படம் பார்க்கத்தான் ஒருவரும் வர மாட்டார்கள்.

எங்களுக்குச் சோறு போட்டது போஸ்டர். சனிக்கிழமைதோறும் ஒரு பழைய படம் போடுவோம். அதற்கென்று கையால் அச்சடித்த போஸ்டர் ஒன்று உண்டு. கேன்டீன் இருந்த அறையில் மை அக்கா அதை அடிப்பாள். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி வழியாக ஒரு நிறம், அது காய்ந்ததும் அதன் மேல் அடுத்த நிறம். அவள் நகக்கண்ணில் எப்போதும் மை இருக்கும், அதனால் அந்தப் பெயர். அடித்து முடித்ததும் ஒவ்வொன்றின் ஓரத்திலும் 'நூறில் ஒன்று', 'நூறில் இரண்டு' என்று பென்சிலால் எண் போட்டு நான் கையெழுத்து வைப்பேன். சேகரிப்பாளர்கள் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு, படம் தொடங்குவதற்குள் ஓடிவிடுவார்கள்.

அண்ணனுக்கு மனசு வெள்ளை சார், கைதான் விளங்காது. ஈரம் காயாத அச்சின் மேல் டீ கிளாஸை வைப்பார். கதவு ஆடினால் ஒரு போஸ்டரை மடித்து அடியில் செருகுவார். ஒருநாள் கரப்பான்பூச்சி அடிக்கக் கையில் கிடைத்ததைச் சுருட்டினார். கிடைத்தது நான் வருஷக்கணக்கில் தேடி வாங்கிய, ஒரு பழைய போஸ்டருக்கு முதன்முதலில் போட்டுப் பார்த்த சோதனை அச்சு. கரப்பான் தப்பித்துவிட்டது.

"பேப்பர்தானேடா, விடு," என்றார்.

நான் விட்டுவிட்டேன். அப்போதெல்லாம் நான் விட்டுவிடுகிற ஆள்தான்.

என்னிடம் இருந்தவற்றில் உயிரான ஒன்று உண்டு. எங்கள் தியேட்டரிலேயே வெளியாகி, மூன்றே நாளில் பெட்டிக்குள் சுருண்ட ஒரு படத்தின் போஸ்டர். இயக்குநரின் மாமியாரே இடைவேளையில் எழுந்து போனதாக அப்பா சொல்வார். அதில் விளக்கோடு ஒரு பெண் படியிறங்கி வருகிறாள். அச்சடித்தவன் தூக்கக் கலக்கத்தில் இருந்திருப்பான் போல, சிவப்பு மை கொஞ்சம் விலகி விழுந்து அவளுக்கு இரண்டு புன்னகை வந்துவிட்டது. உலகத்தில் அந்த ஒரு பிரதிதான் மிச்சம். கவுன்டர் கண்ணாடிக்குப் பின்னால் முட்டுக்கொடுக்க யாரோ வைத்திருந்ததை நான்தான் கண்டெடுத்தேன். அதன் பிறகு அதற்கு வீட்டில் என் அறையில் தனி இழுப்பறை, மேலும் கீழும் மெல்லிய தாள். என் மனைவி பிரிந்து போகும்போது, "என்னையும் அந்த இழுப்பறைக்குள்ள வச்சிருந்தா நல்லா பாத்துக்கிட்டிருப்பீங்க," என்றாள். அளவு சரிப்பட்டிருக்காது.

என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அண்ணனும் அண்ணியும் கேக்கோடு வீட்டுக்கு வந்தார்கள். அண்ணன் ஒரு பெரிய பொட்டலத்தை நீட்டினார். பிரித்தேன். படியிறங்கும் பெண். பளபளவென்று, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் உருக்கி ஒட்டி, சாப்பாட்டு மேஜையில் தட்டுக்கு அடியில் போடுகிற விரிப்பு மாதிரி இருந்தாள்.

"இனிமே தண்ணி பட்டாக்கூட ஒண்ணும் ஆகாதுடா!" என்றார் அண்ணன்.

நான் உள்ளே போய் இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். காலி. திரும்பி வந்தேன். "தேங்க்ஸ்ண்ணா," என்றேன். கேக் வெட்டினேன். அண்ணிதான் என் முகத்தைப் பார்த்து, "என்னங்க தம்பி, பிடிக்கலையா?" என்று கேட்டார். பிடித்திருக்கிறது என்றேன். அந்தப் பொட்டலத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். பிணத்தை யாராவது உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்களா?

கோபம் வரவில்லை சார். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். யோசித்துப் பார்த்தேன், அவ்வளவுதான். மிச்சமிருக்கிற போஸ்டர்களுக்கும் அண்ணனுக்கும் ஒரே கட்டடத்தில் இடமில்லை. போஸ்டர்களால் வேறெங்கும் போக முடியாது.

தியேட்டர் கூரைக்கும் ஓட்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. அதில் குறுக்கே பலகைகள் போட்டிருக்கும். மழை பெய்தால் மறுநாள் காலையில் அண்ணன் டார்ச்சோடு ஏறி ஒழுகலைப் பார்ப்பார். பலகை மேல்தான் கால் வைக்க வேண்டும், தவறினால் கீழே வெறும் சுண்ணாம்புப் பூச்சு. உயரம் என்றால் எனக்குத் தலை சுற்றும், அதனால் எப்போதும் அவர்தான் ஏறுவார். தம்பிக்காகச் செய்கிற வேலை என்று நினைத்தாரோ என்னவோ, ஒருநாளும் முணுமுணுத்ததில்லை.

மை அக்கா மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அவள் அறையில் உட்கார்ந்து நான் ஒரு பலகையை அச்சடித்தேன். தடித்த அட்டை, மூன்று நிறம். முதலில் பழுப்பு, மேலே மர ரேகை, கடைசியில் தூசிக்காக ஒரு வெளிர் சாம்பல். ஆணித் துருவை மட்டும் விரலால் தொட்டு வைத்தேன். பிறகு மேலே ஏறினேன். தவழ்ந்துதான் போனேன், ஆனால் தலை சுற்றவில்லை. நிஜப் பலகை ஒன்றை உருவிவிட்டு அந்த இடத்தில் இதைக் கிடத்தினேன். பழைய பூ வேலை இல்லாத, பிற்காலத்தில் ஒட்டுப்போட்ட மூலையாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். தியேட்டர் என்ன பாவம் செய்தது?

மழை வந்தது. காலையில் அண்ணன் ஏணியில் கால் வைத்தார். நான் கீழே பிடித்துக்கொண்டிருந்தேன். கெட்டியாகவே பிடித்துக்கொண்டிருந்தேன்.

"நான் குடுத்த போஸ்டரை நல்லா உத்துப் பாத்தியாடா?" என்று கேட்டார்.

"பாத்தேண்ணா."

"ஒண்ணும் தோணலையா?"

"என்ன தோணணும்?"

அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பெரிய நிபுணன்னு பேரு. சரி, இறங்கி வந்து சொல்றேன்."

இறங்கி வந்தார். சொல்லவில்லை.

மூன்றாவது வரிசை நாற்காலிகளுக்கு நடுவே கிடந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஆம்புலன்ஸை அழைப்பதற்கு முன் தேவையான நேரம் காத்திருந்தேன். அந்த நேரத்தில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் விடுவித்துக்கொள்ளவில்லை. அவ்வளவு கல்நெஞ்சக்காரன் இல்லை நான்.

விபத்து என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். உயரத்துக்குப் பயந்தவன் மேல் யார் சந்தேகப்படுவார்கள்? "இனிமே எங்களுக்கு நீங்கதான் தம்பி," என்று அண்ணி என் தோளில் சாய்ந்து அழுதார். ஆறுதல் சொன்னேன். அது நடிப்பில்லை.

உங்கள் காவலர்கூட இடிபாடுகளில் கிடந்ததைப் பலகை என்று நினைத்துத்தான் ஓரமாக வைக்கப் போனார். எடையே இல்லாமல் கையோடு வந்ததும்தான் விழித்தார். என் வேலைக்கு இதுவரை கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அதுதான். ஓரத்தில் பென்சிலால் 'ஒன்றில் ஒன்று' என்று எழுதி என் கையெழுத்து இருந்தது. கொலைக்குச் செய்த பொருளில் எந்த மடையன் கையெழுத்துப் போடுவான் என்று கேட்டீர்கள். கையெழுத்து இல்லாத அச்சை யார் சார் மதிப்பார்கள்?

நேற்று மை அக்காவை இங்கே வரவழைத்தீர்கள். அட்டையைப் பார்த்ததும், "என் பழுப்பு மை எங்க போச்சுன்னு இப்பத்தான் தெரியுது," என்றாள். லேமினேட் செய்த போஸ்டர்தான் காரணம் என்று நீங்கள் சொன்னதும் என்னைப் பார்த்து அழ ஆரம்பித்தாள்.

"அது அசலே இல்லடா பாவி. உங்கண்ணன் அசலை எடுத்துட்டு வந்து, அச்சு அசலா ஒண்ணு போட்டுக் குடுன்னு என் உசுரை வாங்குனாரு. அந்த ரெண்டு சிரிப்பு சரியா வரணும்னு எத்தனை தாள் பாழாச்சு தெரியுமா? அசலையே லேமினேட் பண்ண வேண்டியதுதானேன்னு விளையாட்டுக்குக் கேட்டேன். ஐயோ, தம்பி என்னைக் கொன்னே போட்டுடுவான்னு சொன்னாரு. நீயா கண்டுபிடிக்கிற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

எல்லோரும் என்னையே பார்த்தீர்கள். நான் உடைந்து அழுவேன் என்று எதிர்பார்த்தீர்கள் போல. எனக்குக் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: அசல் எங்கே?

அண்ணியின் அலமாரியில், போர்வைகளுக்கு நடுவே இருந்தது. உங்கள் ஆட்கள் கொண்டுவந்து இந்த மேஜையில் விரித்தார்கள். மேலும் கீழும் மெல்லிய தாள் வைத்து, நான் எப்போதும் சொல்கிற மாதிரியே அண்ணன் பத்திரப்படுத்தியிருந்தார். நான்கு மூலைகளையும் பார்த்தேன். ஒரு மடிப்பு இல்லை, ஒரு கறை இல்லை. அத்தனை நாள் நெஞ்சில் இருந்த பாரம் அப்படியே இறங்கிவிட்டது. அதனால்தான் நீங்கள் கேட்டதற்கெல்லாம் இவ்வளவு நிம்மதியாகப் பதில் சொல்ல முடிகிறது.

நல்ல வேளை சார், எதற்கும் சேதமில்லை.