சைக்காலின் வழக்கறிஞர்

மேடையில் வீற்றிருக்கும் வழக்கறிஞர் சங்கத் தலைவர் ஒமுர்சக் அவர்களே, மூத்த வழக்கறிஞர்களே, கணவரை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் அக்கா புருல் எஜே அவர்களே, அனைவருக்கும் சலாம்.

நாம் எல்லோரும் அண்ணனாக நினைத்துப் பைகே என்று அழைத்த இந்தக் கெரிம்குல் யார்? தலைநகர் பிஷ்கேக்கில் சட்டம் படித்து, அங்கே கிடைத்த அரசு வேலையை உதறிவிட்டு, முப்பத்தொரு ஆண்டுகள் இந்த மலை ஊரில் வாதாடியவர். கல்யாணத்துக்கென்று தூக்கிச் செல்லப்பட்டு, மணமானதன் அடையாளமாக வலுக்கட்டாயமாகத் தலையில் வெள்ளை முக்காடு போடப்பட்ட பெண்களுக்காக வாதாடியவர். சாட்சி சொல்ல ஒரு மேய்ப்பனை அழைத்துவரப் பனியில் இரண்டு நாள் குதிரையில் போனவர். சமாதானம் பேச எத்தனை பெரியவர்கள் செம்மறியோடு அவர் வாசலுக்கு வந்தார்கள்! எல்லோருக்கும் தேநீர் கொடுத்தார். செம்மறியைத் திருப்பி அனுப்பினார்.

பத்தொன்பது வயது சைக்காலின் வழக்குதான் அவருடைய கடைசி வழக்கு. அவளைத் தூக்கிச் சென்றவனுக்காக ஆஜராகிறவர் நம் தலைவர். அது தவறல்ல, அவனுக்கும் ஒரு வழக்கறிஞர் வேண்டுமென்று பைகேயே சொன்னார்.

ஆனால் சென்ற மாதம் தலைவர் ஒரு தாளோடு என் மேசைக்கு வந்தார். குழந்தைக்குக் காய்ச்சல் என்று நான் கிளம்பிக்கொண்டிருந்தேன். "பைகேக்கு நெஞ்சுவலி தங்கச்சி. அவருக்கு ஓய்வு கேட்டு எழுதியிருக்கோம். எல்லாரும் போட்டாச்சு, நீயும் போட்டுட்டு ஓடு." நம்பினேன். போட்டேன். அந்தத் தாளோ, பைகே ஒழுங்கீனமாக நடந்தாரென்று சொல்லி அவருடைய உரிமத்தை நிறுத்திவைக்கக் கேட்ட மனு! பதினொரு கையெழுத்து. நான் ஏமாந்தேன். மற்ற பத்துப் பேர்? தெரிந்துதானே போட்டீர்கள்?

உரிமம் நிறுத்தப்பட்டதால் விசாரணையன்று நீதிமன்றம் அவரை உள்ளே விடவில்லை. சைக்கால் உள்ளே தனியாக நின்றாள். இவர் வழக்குக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் அழுதுகொண்டே போய் உண்மையைச் சொன்னேன். "ஏம்மா ஜிபார், படிக்காம கையெழுத்துப் போடாதீங்கன்னு கட்சிக்காரங்களுக்குத் தெனமும் சொல்றோம். நமக்கு யாரு சொல்றது?" என்று சிரித்தார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதிலிருந்து ஒன்பதாம் நாள் நம்மை விட்டுப் போய்விட்டார்.

முந்தாநாள் உடலைத் தூக்குமுன் இமாம் வழக்கப்படி கேட்டார், இவர் எப்படிப்பட்ட மனிதரென்று. "நல்ல மனுசர்" என்றீர்கள் எல்லோரும். தலைவரின் குரல்தான் பலமாகக் கேட்டது. அந்தச் சொல்லைப் போன மாதம் எங்கே வைத்திருந்தீர்கள்?

எனக்கு இரண்டு சின்னக் குழந்தைகள். பயமில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் நான் எப்படி ஏமாற்றப்பட்டேன் என்று இன்று காலை நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். சைக்கால் எனக்கு வக்காலத்துக் கொடுத்துவிட்டாள்.

பைகே, உங்கள் மேல் விழுந்த மண் பட்டுப்போல மென்மையாக இருக்கட்டும்.

தலைவர் அவர்களே, செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு விசாரணை. உங்கள் கட்சிக்காரரிடம் கேட்கப் பைகே எழுதிவைத்த கேள்விகள் இருபத்திரண்டு. ஒன்று விடாமல் கேட்பேன்.